வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

“கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே 4 கிலோமீட்டர். 6 ஏக்கர். கிணறு, தென்னை, பனை உண்டு. பழைய பண்ணை வீடு, கொஞ்சம் செலவு செய்தால் புதுப்பித்துவிடலாம். வில்லங்கம் இல்லாத சொத்து.”

கோட்டைப்பட்டினத்துப் பக்கம் விற்பனைக்கு வரும் நிலங்களைப் பற்றி இப்படிப்பட்ட குறிப்புகளை நண்பர்கள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் கேட்கிறார்கள்: “தோழர், இடம் எப்படி? வாங்கலாமா?”

கேட்பவர்கள் யாரும் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ஆணவக்கொலைக்கு எதிரான கூட்டங்களுக்கு வந்து நிற்பவர்கள். நகரத்தின் வாடகையும் புகையும் அலுத்துப்போய், மரபு விதை, சுண்ணாம்புச் சுவர், கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பவர்கள். நம்மவர்கள்தான். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

அந்த நிலத்தின் மேல் கடன் இருக்கிறதா, அடமானம் இருக்கிறதா என்று பத்திரப்பதிவு அலுவலகம் சொல்லும். அந்த நிலத்தின் மேல் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எந்த அலுவலகமும் சொல்லாது. அதை நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால், பணத்தோடு சேர்த்து இன்னொருவருக்குச் சேர வேண்டியதையும் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

பேரத்தில் வராத மூன்றாவது ஆள்

கோட்டைப்பட்டினம் வெளியூர்க்காரர்களுக்குச் செய்தித்தாள் வழியாகத் தெரிந்த ஊர். இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் நாள்களில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பினால் வேறொரு உலகம். கண்மாய்ப் பாசனம், கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தண்ணீர், அதுவும் வராத இடத்தில் வானத்தை நம்பிய வயல், அதுவும் முடியாத இடத்தில் சீமைக்கருவேலம்.

இந்த நிலங்கள் ஏன் விற்பனைக்கு வருகின்றன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் வரவு, வராவிட்டால் செலவு. 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் படுக்க வைத்தது. நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஓடு சரிந்த வீட்டில் வயதானவர் ஒருவரோ இருவரோ மிச்சம். விற்றுவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

விற்பவருக்கு அது சுமை. வாங்குபவருக்குக் கனவு. இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நாலு தலைமுறையாக அந்த நிலத்தில் நாற்று நட்டவர், வரப்பு வெட்டியவர், கண்மாய் மடை திறந்தவர். பேரத்தில் அவர் பெயர் வராது. வந்தாலும் “தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கு” என்று, கிணற்றுக்கும் மோட்டாருக்கும் அடுத்த வரியில் வரும்.

பண்ணை வீடு என்றால்

‘பண்ணை வீடு’ என்பது இன்றைக்கு ஓய்வுக்கான சொல்லாகிவிட்டது. வார இறுதி, நீச்சல் தொட்டி, பிறந்தநாள் கொண்டாட்டம். என் தாத்தாவின் காலத்தில் அது வேலைக்கான சொல். பண்ணை வீடு இருந்தால் பண்ணையாள் இருந்தார்.

புதுக்கோட்டை மாவட்டம் 1974இல்தான் உருவானது. அதற்கு முன்பு அறந்தாங்கி வட்டாரமும் அதன் கடற்கரையும் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தன. தஞ்சைப் பண்ணையடிமை முறையைப் பற்றி நாம் படித்ததெல்லாம் வேறு யாருடைய கதையோ அல்ல. வாங்கிய கடனுக்காகவும் குடியிருந்த மண்ணுக்காகவும் தகப்பனைத் தொடர்ந்து மகனும் ஒரே பண்ணைக்கு உழைத்த முறை அது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1943இல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற விவசாயத் தொழிலாளர்களும் செங்கொடிச் சங்கம் கட்டித்தான் அவற்றை நிறுத்தினார்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள்.

‘பழமையான பண்ணை வீடு’ என்று குறிப்பில் எழுதியிருக்கிறதே, அந்தப் பழமை இதுதான். வீட்டின் வயது நூறு என்றால் முதல் ஐம்பது ஆண்டுகள் அது எப்படி நடந்தது என்று கேட்க நமக்குக் கடமை இருக்கிறது.

முதல் கேள்வி: இது பஞ்சமி நிலமா?

ஆவுடையார்கோயிலின் தலபுராணத்தில் ஒரு நில வழக்கு வரும். அந்தணர் முந்நூறு பேரின் நிலத்தை ஒரு குறுநிலத் தலைவன் பறித்துக்கொள்கிறான். இறைவனே கிழவர் வேடத்தில் பாண்டியன் முன்னால் வந்து நின்று, இந்த இடத்தை வெட்டினால் தண்ணீர் வரும் என்று அடையாளம் சொல்லி, நிலத்தை மீட்டுக் கொடுக்கிறார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தணரின் நிலத்துக்குச் சாட்சி சொல்லக் கடவுளே வந்தார். உழுதவரின் நிலத்துக்குச் சாட்சியாக இருப்பது ஒரு பழைய அரசாணை மட்டும்தான்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு ஒடுக்கப்பட்டவர்கள் மனுப் போட்டால், மிராசுதாரர்கள் தங்களுக்கே முன்னுரிமை என்று தடுத்துவிடுவதை அதில் விளக்கினார். நிலம் இல்லாததால்தான் அவர்களால் அடிமை நிலையிலிருந்து வெளியேற முடியவில்லை என்பது அவர் கண்டது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு அரசாணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்படும். 10 ஆண்டுகளுக்கு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். வேறு யார் வாங்கினாலும் செல்லாது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வரை இப்படி ஒப்படைக்கப்பட்டதாக நிலமீட்பு இயக்கங்கள் சொல்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நிலம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவட்டத்தின் நடுப்பகுதி 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். மாகாண அரசின் ஆணை அங்கே செல்லாது. கோட்டைப்பட்டினம் இருக்கும் கடற்கரைப் பக்கமோ தஞ்சாவூர் மாவட்டம், அதாவது நேரடி மாகாண ஆட்சி. ஆகவே “புதுக்கோட்டையில் பஞ்சமியெல்லாம் கிடையாது” என்று தரகர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? நிலம் வாங்கும்போது வழக்கறிஞர்கள் வழக்கமாக 30 ஆண்டு வில்லங்கச் சான்று கேட்பார்கள். இன்றைக்குப் போட்டால் அது 1990களின் நடுப்பகுதி வரைதான் போகும். ஆனால் தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூடிஆர் திட்டம் நடந்தது 1979க்கும் 1987க்கும் இடையில். பல ஊர்களில் பஞ்சமி நிலங்களின் பழைய அடையாளம் மறைந்து, அன்றைக்கு அனுபவத்தில் வைத்திருந்தவர் பெயருக்குப் பட்டா மாறியது அந்தத் திட்டத்தில்தான் என்பது நிலமீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதாவது நீங்கள் பார்க்கும் சான்று, களவு நடந்து முடிந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது. அதில் வில்லங்கம் எப்படித் தெரியும்?

யூடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். குறிப்புரைப் பத்தியில் ஆதிதிராவிடர் நிபந்தனை ஒப்படை என்ற பொருளில் எதுவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குள் போய், சேரியில் எழுபது வயதைத் தாண்டிய நாலு பேரிடம் “இது முன்னாடி யாரோடது?” என்று கேளுங்கள். பதிவேட்டில் அழித்ததை மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

இந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டுப் பகுதியில் காரணை நிலமீட்புப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்கள் படத்தைப் பகிர்கிறோம். அதே பஞ்சமி நிலத்தில் வார இறுதிக்கு வீடு கட்டிக்கொள்ள நமக்கு மனம் வருமா?

இரண்டாவது கேள்வி: தோப்பின் ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

பண்ணையின் எல்லையில் நாலைந்து கூரை வீடுகள் இருக்கும். விற்பவர், “அவங்க நம்ம ஆளுங்கதான், சொன்னா காலி பண்ணிடுவாங்க” என்பார். இந்த ‘நம்ம ஆளுங்க’ என்பதில் அன்பு இருப்பதாக நினைக்காதீர்கள். அது உடைமையைக் காட்டும் சொல்.

பண்ணையாரின் மண்ணில் குடியிருக்கும் வரை பண்ணையாளுக்குக் கூலி கேட்க வாய் கிடையாது. கேட்டால் அன்றைக்கே வீடு போகும். இதை உடைக்கத்தான் 1971இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. பலருக்குப் பட்டா கிடைத்தது. பயத்தாலோ கையில் காகிதம் இல்லாததாலோ கேட்காமல் விட்டவர்களும் உண்டு. 50 ஆண்டுக்கும் மேலாக ஒரு குடும்பம் அங்கே இருக்கிறது என்றால், அவர்களுக்கு அந்த மனையில் உரிமை இருக்க வாய்ப்பிருக்கிறது. “காலியிடமாக ஒப்படைப்பேன்” என்று விற்பவர் சொல்வது உங்களுக்குச் செய்யும் உதவியாகத் தோன்றும். உங்கள் பணத்தின் பலத்தில் அவர் அடிக்கும் கடைசி அடி அது.

உலகத்தில் இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1913இல் கொண்டுவந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குள் அடைத்தது. வெள்ளையரின் பண்ணைகளில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து உழைத்தார்கள். நிறவெறி ஆட்சி போன பிறகு, 1997இல் ஒரு சட்டம் போட்டார்கள். பண்ணை கைமாறினாலும் அங்கே குடியிருப்பவரின் உரிமை கைமாறாது என்றது அந்தச் சட்டம். 2001இல் அதைத் திருத்தி, தங்கள் வீட்டில் இறந்தவரை அந்தப் பண்ணை மண்ணிலேயே புதைக்கும் உரிமையையும் சேர்த்தார்கள். அங்கே நிலம் வாங்க வருபவருக்கு இதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும். நம் ஊரில் அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே வந்த சட்டத்தின் பெயர்கூட வாங்குபவருக்கும் தெரிவதில்லை, தரகருக்கும் தெரிவதில்லை.

மூன்றாவது கேள்வி: வேலி எதை மறிக்கும்?

நகரத்திலிருந்து வருபவர் நிலம் வாங்கியதும் செய்யும் முதல் வேலை வேலி போடுவது. கல் ஊன்றிக் கம்பி இழுப்பார். தன் சொத்தைத்தானே பாதுகாக்கிறோம் என்று நினைப்பார்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது நினைவிருக்கலாம். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் தனியார் நிலங்கள் வேலியிட்டு அடைபட்டிருந்தன. அந்த வழியாகப் போக விடாததால், தலித் மக்கள் இறந்தவரின் உடலைக் கயிற்றில் கட்டிப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்த்து நாடே அதிர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

அந்தக் காட்சியில் எந்த ஆதிக்க சாதிக்காரரும் கையில் அரிவாளோடு நிற்கவில்லை. கம்பி வேலி மட்டும்தான் நின்றது. வேலிக்குக் கோபம் கிடையாது, வசவு கிடையாது. காகிதப்படி எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். சாதி தன் வேலையை வேலியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது.

கிராமத்தில் பாதை என்பது பாதிக்கு மேல் பழக்கம். சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு, கண்மாய்க்கு, ஆடு மேய்க்கும் திடலுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழிகள் பல இடங்களில் யாரோ ஒருவரின் வரப்பு மேல்தான் போகும். நிலவளவை வரைபடத்தில் அது இருக்காது. நீங்கள் போடும் வேலி உங்களை அறியாமலே அதை அடைத்துவிடும். அடைத்த பிறகு “திறந்துவிடுங்க சார்” என்று வந்து நிற்கவும் அவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இடுகாடு, சுடுகாடு, நீர்நிலை, பொதுப்பாதை ஆகியவற்றைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், மரியாதைக்காகச் செய்யுங்கள். வேலி போடுவதற்கு முன்னால், “இந்த வழியா யாரெல்லாம் போறீங்க?” என்று கேட்டு, அந்த வழியை விட்டுப் போடுங்கள். முடிந்தால் அதைப் பத்திரத்திலேயே பாதையாக எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு வாங்குபவரும் அதை அடைக்க முடியாது.

நான்காவது கேள்வி: இதை வாங்க விடாமல் நிறுத்தப்பட்டவர் யார்?

இது என் வீட்டில் நடந்தது. என் சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை செய்து சேர்த்த பணத்தில், காலமெல்லாம் கூலிக்கு உழுத வயலில் ஒரு ஏக்கரை விலைக்குக் கேட்டார். சொன்ன விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார். நிலத்துக்காரர் சொன்ன பதில் இன்னும் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை: “காசு பெருசில்லப்பா. ஒனக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கி ஊருக்குள்ள எனக்கு என்ன மரியாத?” அடுத்த ஆண்டே அந்த வயல் வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அவர் யார், என்ன ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது. எங்கள் மீது அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. ஆனாலும் சாதி போட்டுக் கொடுத்த வரிசையில்தான் அவர் முன்னால் நின்றார்.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில் அவர்கள் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இடைவெளி உழைக்காததால் வந்ததில்லை. விலைக்குக்கூட விற்க மறுத்ததாலும் வந்தது.

அரசிடம் இதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. தாட்கோ வழியாக நடக்கும் ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி விவசாயத் தொழிலாளர் பெண்கள் நிலம் வாங்க, மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நிலத்தை விற்பவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மற்றவர் கையில் இருக்கும் நிலம் இவர்கள் கைக்கு வர வேண்டும் என்பது நோக்கம். நல்ல திட்டம். ஆனால் அது நடக்க இரண்டு வேண்டும். விற்க மனமுள்ளவர் ஒருவர், கூலிக்காரப் பெண்ணால் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை ஒன்று.

இங்கேதான் நம் கனவு குறுக்கே வருகிறது. சாகுபடியில் வரும் வருமானத்தைக் கணக்குப் போட்டு நாம் விலை பேசுவதில்லை. கடற்கரைச் சாலைக்கு எவ்வளவு பக்கம், வீடு எவ்வளவு அழகு என்று பார்த்து விலை பேசுகிறோம். அப்படி ஒருவர் கொடுத்த விலைதான் அடுத்த வயலுக்கும் விலை. மானியத்தின் உச்சவரம்பு ஏறாது. விலை மட்டும் ஏறும். முன்பு “ஒனக்கு விற்க மாட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னார்கள். இனிமேல் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

வீட்டைப் புதுப்பிப்பது

வீட்டை இடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தில் அந்தச் சுவரை எழுப்பியவரும், செங்கல் சூளைக்கு மண் மிதித்தவரும், களத்தில் நெல் அடித்துப் பத்தாயத்தை நிரப்பியவரும் எங்கள் ஆள்கள்தான். அந்த வீட்டில் எங்கள் உழைப்பு இருக்கிறது. அது நிற்கட்டும்.

ஆனால் பழைய வீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. திண்ணையில் யார் உட்காரலாம், முற்றம் வரை யார் வரலாம், கொல்லைப்புறமாக மட்டும் யார் வர வேண்டும் என்று கட்டும்போதே முடிவு செய்த ஒழுங்கு அது. சுவரைப் பூசும்போது அந்த ஒழுங்கையும் சேர்த்துப் பூசிவிடக் கூடாது. தோட்ட வேலைக்கு வரும் அக்கா இன்னமும் கொல்லைப்புறமாக வந்து, தனியாக வைத்திருக்கும் டம்ளரை அவரே எடுத்துக்கொண்டு கழுவி வைத்துவிட்டுப் போகிறார் என்றால், நீங்கள் புதுப்பித்தது வீட்டை மட்டும் இல்லை. “நான் ஒன்றும் சொல்லவில்லையே, அவராகவே அப்படிச் செய்கிறார்” என்பது பதிலாகாது. முன்வாசல் வழியாக வாங்க என்று கூப்பிட்டு, ஒரே டம்ளரில் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். அதற்காக ஊர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்களை ‘சார்’ என்று கூப்பிடுபவரை நீங்கள் ‘வா, போ’ என்று பேசாமல் இருக்க வேண்டும். உள்ளூர் வழக்கம் என்று குறைந்த கூலி கொடுக்காமல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுக்க வேண்டும்.

இரட்டை டம்ளர் எல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை விசாரிக்கப் போன மாவட்ட நிர்வாகத்துக்கு முன்னால் இரட்டை டம்ளரும் கோயில் நுழைவு மறுப்பும் சேர்ந்து வெளியே வந்தன.

“நான் வாங்காவிட்டால் மனை போடுபவன் வாங்குவான்”

இது நண்பர்கள் சொல்லும் வாதம். உண்மையும் உண்டு. மனைத் தரகர் வயலை மூடிக் கல் நடுவார், நீங்கள் மரமாவது வைப்பீர்கள். ஆனால் அவரைவிட நாம் மேல் என்பது நமக்குப் போதுமான அளவுகோல் இல்லை. அவர் சாதி ஒழிப்பு பேசவில்லை, நாம் பேசுகிறோம்.

இன்னொரு வாதம்: “நானும் பிற்படுத்தப்பட்டவன்தான், என் தாத்தாவும் ஏழை விவசாயிதான்.” இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் உங்கள் தாத்தா நிலம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா, என் தாத்தா கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாக்க வேண்டும் என்று பலர் பேசிய அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பர் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் அதைக் கடுமையாக மறுத்தார். கிராமம் அவருக்கு அழகான ஓவியமாகத் தெரியவில்லை. அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும் என்றார். நிலம் தனியார் கையில் இருக்கும் வரை தீண்டப்படாதவர் நிலமற்ற கூலியாகவே இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத்து அலுப்பில் கிராமத்தைத் தேடிப் போகும் நாம், கிராமத்திலிருந்து தப்பித்து நகரத்துக்கு வாருங்கள் என்று ஒரு தலைவர் தன் மக்களுக்கு ஏன் சொன்னார் என்பதையும் பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், தரகரை விட்டுவிட்டு ஒரு நாள் சேரிக்குப் போங்கள். அந்த நிலத்தில் வேலை செய்த குடும்பங்களைப் பார்த்து, “இந்த நிலம் விற்பனைக்கு வந்திருக்கு, உங்களுக்கு வாங்க எண்ணம் இருக்கா?” என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஒதுங்கினால் மட்டும் போதாது. தாட்கோ விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பழைய பதிவேடு கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் வரை, உங்கள் முன்பணத்தை வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுங்கள். “வெளியூர்க்காரருக்குக் கொடுப்பேன், இவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்” என்று விற்பவர் சொன்னால், “அப்படியானால் எனக்கும் வேண்டாம்” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் இதுவரை கேட்டிருக்க மாட்டார்.

அவர்களுக்கு வாங்கும் எண்ணம் இல்லை, நிலம் பஞ்சமியும் இல்லை, குடியிருப்பவரின் மனைக்கு அவர்கள் பெயரிலேயே பட்டா ஆகிவிட்டது, பாதையும் திறந்திருக்கிறது என்றால் வாங்குங்கள். கோட்டைப்பட்டினத்துக்கு வந்து இறங்கும் நாளில் எனக்குச் சொல்லுங்கள், வந்து வரப்பைக் காட்டுகிறேன்.